ஒற்றைக் கையெழுத்து

சேப்பாக்கத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த ஜனாப் மெஹபூப் அலி அவர்கள், 1946-ஆம் வருஷத்து வைகாசி மாதம் ஒரு நடுப்பகலில், தம் ராஜினாமாவை சூப்பரின்டென்டென்ட் நல்லசிவம் அவர்களின் மேஜைமீது வைத்தார். இருவருக்குமிடையே ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. பதவி உயர்வு ஒன்று அலியைத் தாண்டி அவருக்கு இளையவர் ஒருவருக்குப் போனதிலிருந்து, ஃபைல்களின் ஓரத்தில் எழுதும் குறிப்புகளே அவர்களுடைய சம்பாஷணையாக இருந்தன.

நல்லசிவம் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரோஜாச் செடி வளர்க்கிறதுக்காகவா மிஸ்டர் அலி?"

"ஆமாம் சார்."

"அதை சாயங்காலத்திலே வளர்க்கக் கூடாதா?"

"இத்தனை நாளும் அப்படித்தான் சார் வளர்த்தேன். சாயங்காலத்துக்குள்ளே பாதி செத்துப்போகுது."

அது வேடிக்கைக்காகச் சொன்ன பதில் அன்று. அடையாற்றில் வக்கீல் கருணாகரன் அவர்களுடைய பங்களாவின் பின்புறத்து நிலத்தில், நாட்டு ரோஜாத் தண்டில் பெங்களூர் ரோஜாவின் மொட்டுக்கண்ணை வைத்துக் கட்டி, அதைச் சென்னை வெயிலில் பூக்கவைப்பதற்கு அலி நெடுங்காலமாக முயன்றுவந்தார். அங்கு நாற்றுப்பண்ணை வைத்துக்கொள்ள வக்கீலும் இசைந்திருந்தார். ஆனால் வெயில் ஏறும் வேளையில் செடிக்கு நிழல்கட்ட ஆள் வேண்டும். அந்த வேளையில் அலி சேப்பாக்கத்தில் இருந்தார்.

"வீட்ல கேட்டாச்சா?" என்றார் நல்லசிவம்.

அலி ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பினார். நல்லசிவம் கடிதத்தை மடித்து டிராயருக்குள் வைத்தார்.

"நாளைக் காலை வரைக்கும் இது இங்கேயே இருக்கும். கேட்டுட்டு வாங்க. கோபத்திலே எழுதினதா இருந்தா கிழிச்சுப் போட்டுடலாம். நானும் மறந்துடுவேன்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்த அன்பான வார்த்தை அலிக்கு ஆறுதலைத் தரவில்லை, அயர்ச்சியையே தந்தது.

மாலையில் ராயப்பேட்டைக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது, மார்க்கெட் முனையில் பியூன் பஞ்சாட்சரம் எதிர்ப்பட்டான். அவன் அலிக்கு அடுத்த சந்தில் குடியிருப்பவன். தபால் கொடுக்க வெளியே வந்தவன் அப்படியே வீடு திரும்பியிருந்தான்.

"சார், கோவிச்சிக்காதீங்க. உங்க வூட்டுப் பக்கமா வந்தேன். அம்மா கைல சொல்லிட்டேன், ஐயா ராஜினாமா குட்த்துட்டாருன்னு."

"என்ன சொன்னாங்க?"

"அதான் சார் எனக்கும் புரில. திரைக்குப் பின்னாடியேர்ந்து, 'ராஜினாமாவா? மெய்யாவா?'ன்னு ரெண்டு தபா கேட்டாங்க. ஆமான்னேன். ஒரே சந்தோசம்! சர்பத்து குட்த்து அனுப்பிச்சாங்க. என் பொண்டாட்டியா இருந்தா அம்மிய தூக்கி என் தலைல போட்டிருப்பா. நீங்க குட்த்துவச்சவரு சார்."

அலி அங்கேயே சற்று நேரம் நின்றார். எத்தனையோ இரவுகள் சொல்ல வாய் எடுத்துச் சொல்லாமல் விட்டது, இவ்வளவு எளிதில் முடிந்துவிட்டதா? ஜமீலுன்னிசா சம்மதித்துவிட்டாளா? மனைவியைச் சரிவர அறியாமல் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. எஞ்சிய தூரத்தை அவர் சோர்வு தெரியாமல் நடந்தார்.

வீட்டில் நெய்யில் வறுத்த சேமியாவின் மணம் வந்தது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். வாரச் சர்க்கரை முழுவதையும் போட்டு ஜமீலுன்னிசா கீர் காய்ச்சியிருந்தாள். பெண் குழந்தைகள் இருவரும் கிண்ணங்களை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அஜீ, முதலில் வாய் இனிக்கட்டும்" என்று அவள் உருதுவில் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள். அவள் வீட்டில் உருது தவிர வேறு பேசியறியாதவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் காய்கறிக்காரியோடு பேரம் பேசக் கற்றது.

"உனக்கு வருத்தமில்லையா, ஜமீலா?"

"வருத்தமா? ஒரு வருஷமாக நான் கேட்டதே இதுதானே! நீங்கள் வளைந்தீர்களோ, அந்த மனிதர் வளைந்தாரோ, யாராக இருந்தால் என்ன? இனிமேல் சோற்றுத் தட்டின் முன்னால் அவர் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடிக்க மாட்டீர்கள். அடுத்த முறை பதவி உங்களுக்குத்தான்."

அலி கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்கள் அப்பாவின் ஆம்பூர் மாந்தோப்பு வழக்கில் ராஜீநாமா ஆன அன்றைக்கும் அம்மா இப்படித்தான் கீர் காய்ச்சினாள்" என்று அவள் தொடர்ந்தாள். "பெரியப்பாவும் அப்பாவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்."

அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. அவள் அறிந்த ராஜீநாமா, பகைத்தவர்கள் சமாதானமாகி எழுதிக்கொள்ளும் பத்திரம். கணவர் மேலதிகாரியோடு சமாதானமாகிவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள். தமிழ் பேசும் அலுவலகத்தில் அதே வார்த்தைக்குள்ள பொருளை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. காலையில் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டால், அவள் நம்பியதே உண்மையாகிவிடும். கீரும் வீணாகாது.

"ஜமீலா" என்றார் அவர். "இது அந்த ராஜீநாமா இல்லை. இஸ்தீஃபா. வேலையை விட்டுவிட்டேன்."

அவள் குழந்தைகளை உள்ளே போகச் சொன்னாள். பிறகு வெகு நேரம் காலிக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அந்தச் செடிகளுக்காகவா?"

"ஆம்."

"ஒரு தோப்புக்காக நடந்த வழக்கு எங்கள் வீட்டைத் தின்றது உங்களுக்குத் தெரியும். தெரிந்துமா?"

"என்னால் முடியவில்லை, ஜமீலா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உடம்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது. களைத்துப் போய்விட்டேன்."

"நான் களைக்கவில்லையா? அடுப்படி வேலையை நான் விடவேண்டுமானால் எந்தத் துரையிடம் எழுதிக் கொடுப்பது, சொல்லுங்கள்." அவள் குரலை உயர்த்தவில்லை, அதுவே அவருக்குக் கடினமாக இருந்தது. "எங்கள் அப்பாவின் பத்திரத்தில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தது, அஜீ. உங்கள் ஆபீஸ்காரர்களுடைய ராஜினாமாவுக்கு ஒருவர் போட்டால் போதும் போலிருக்கிறது."

"கடிதம் இன்னும் மேலே போகவில்லை. உன்னைக் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்."

"அவர் சொல்லித்தான் கேட்கிறீர்களா?"

அவர் தம் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த கீரை மூடி வைத்தார்.

காலையில் அவள் வழக்கம்போல் டிபன் டப்பாவைக் கட்டி வைத்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டபோது கதவருகே வந்து நின்றாள்.

"நான் ராஜி இல்லை, எனக்குச் சம்மதமில்லை" என்றாள். "அழுது தடுக்கவும் மாட்டேன், அழுது தடுத்தால் ஆயுளெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவீர்கள். ஆனால் அவர் கேட்டால், பேகம் சந்தோஷமாகச் சம்மதித்தாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

"சொல்ல மாட்டேன்."

நல்லசிவம் டிராயரைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்து வைத்திருந்தார். "என்ன மிஸ்டர் அலி, கிழிச்சுடலாமா?"

"அனுப்பிடுங்க சார்."

"வீட்ல சம்மதிச்சுட்டாங்களா?"

பொய் சொல்வது மிகச் சுலபம். நல்லசிவமும் அதைத்தான் எதிர்பார்த்தவர்போல் பேனாவைத் திறந்துவிட்டார்.

"இல்லை சார். சம்மதம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. சம்மதிச்சாங்கன்னு உங்ககிட்டே சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"அப்படியும்?"

"அப்படியும் அனுப்பிடுங்க சார்."

நல்லசிவம் கடிதத்தின் ஓரத்தில், அன்றே விடுவிக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். மணி அடித்ததும் பஞ்சாட்சரம் வந்து அதை எடுத்துப் போனான். போகிறபோது அலியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மயிலாப்பூர் வழியாகப் போகும் பஸ்ஸில் அலி அடையாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மகிழ்ச்சி வரும் என்று அவர் எண்ணியிருந்தார். பஸ்ஸிலும் அது வரவில்லை, பங்களாவின் கேட்டைத் திறந்தபோதும் வரவில்லை. கோட்டைக் கழற்றி வேலிமேல் போட்டார். ஓலைகளை இழுத்துச் செடிகளுக்கு நிழல் கட்டினார். கிணற்றில் நீர் ஆழத்தில் கிடந்தது. நாலு வாளி இறைப்பதற்குள் கயிறு உள்ளங்கையைச் சிவக்கவைத்தது.

பங்களாக் காவல்காரர் தங்கவேல் பீடியோடு வந்து கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னா சாயபு, பட்டப்பகல்ல வந்துகீறே? ஆபீஸ் லீவா?"

"லீவு இல்லை."

"பின்னே?"

"இனிமே இந்நேரத்துக்கு இங்கேதான் இருப்பேன்."

தங்கவேல் புகையை விட்டபடி செடிகளை ஒரு பார்வை பார்த்தார். "இதுங்களுக்கா?" என்று சிரித்தார். "வூட்ல ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க" என்றார் அலி. கயிற்றை மறுபடியும் கிணற்றுக்குள் விட்டார். அன்று மாலை வீட்டுக்குப் போய், அவள் முன்னால் உட்கார்ந்து, நேற்றே கேட்டிருக்க வேண்டிய அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும்; அவள் மறுபடியும் இல்லை என்றால், நாளையும் கேட்க வேண்டும். இன்னும் இரண்டு பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.