பி.ஆர்.பி. தங்கியிருந்த வீடு

இணையக் குழுமங்களில் எழுதப்படும் சுருக்கச் சொற்கள், சொன்னபடி நடக்காமல் நின்றுபோனால், யாருக்கு எழுதப்பட்டனவோ அவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடும். நாகர்கோவிலில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருந்த அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போன பங்குனியில் ஒரு பி.ஆர்.பி. வந்தது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தனியாள். தொட்டிமீன் வளர்ப்போர் குழுமத்தில் வெயிலுமுத்து என்பவரோடு இரண்டு வருஷமாகச் சாயங்காலந்தோறும் எழுத்தில் பேசிவந்தாள். அவர் விருதுநகர்க்காரர். முகம் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர், ‘உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். பி.ஆர்.பி.’ என்று எழுதினார். அதன்பிறகு ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலை அது வாசலில் பையோடு நின்றது.

ஒல்லியாக, அடக்கமாக இருந்தது. நாற்காலியின் நுனியில்தான் உட்காரும். செருப்பைக் கழற்றாது. புட்டும் பயறும் வைத்தால் நின்றுகொண்டே சாப்பிடும். பக்கத்து வீட்டில் நான்கு எல்.ஓ.எல். இருந்தன, அவை விடாமல் சிரித்ததில் அந்த வீட்டுக்காரர் தூங்கி மாசக்கணக்காகிறது. எதிர்வீட்டு ஐ.எம்.எச்.ஓ., ‘என் தாழ்மையான கருத்து’ என்று தொடங்காமல் தண்ணீர்கூடக் கேட்காது. தனக்கு வந்தது தங்கமானது என்றே அமலோற்பவம் நினைத்தாள். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் அது வாசலைப் பார்த்தது.

பதினோராம் மாதம், பி.ஆர்.பி.யை அழைத்துவரச் சொல்லி வார்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“ ‘இதோ வந்துருதேன்’னு அர்த்தம்மா,” என்றார் எழுத்தர். “வருஷம் முடிஞ்சா ஆர்.ஐ.பி.ன்னு மாத்திருவோம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“அப்படின்னா?”

“ஆத்மா சாந்தி அடையட்டும்னு.”

“இதோ வாறேன்னு சொல்லிட்டுல்லா போயிருக்காரு. நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, அப்படியே பஸ் நிலையத்துக்கு நடந்தாள். நடத்துநர் பி.ஆர்.பி.யை மேலும் கீழும் பார்த்து, “சுருக்கத்துக்கு அரை டிக்கெட்தான்,” என்றார். அது வழி முழுக்க நின்றுகொண்டே வந்தது. விருதுநகரில் எந்தத் தெருவில் திரும்பவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

வெயிலுமுத்துவின் அக்கா கதவைத் திறந்தாள்.

“தம்பியா? அடுப்புல பால் வச்சிருந்தான், இறக்கப் போயிருக்கான். இந்த வீட்டுல ஹாலுக்கும் அடுப்படிக்கும் தூரம் கொஞ்சம் ஜாஸ்தி. நேத்து நான் சோறு கொண்டுபோனப்போ பாதி தாண்டியிருந்தான்.”

கணினிக்கு முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பி.ஆர்.பி. செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் முதுகு பட நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அது கண்ணை மூடும்வரை அமலோற்பவம் அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு உள்ளே நடந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அவரை எட்டிப் பிடித்தாள். நரைத்த மீசை. கையில் பாத்திரம் இறக்குகிற பிடிதுணி.

“அமலோற்பவமா?” என்றார் அவர். “தப்பா நினைச்சிராதீங்க. வேகமாத்தான் நடக்கேன்.”

“பதினோரு மாசமா உங்களைக் காணோம் சார். ஒண்ணு கேக்கணும்னு எழுதினீங்களே?”

அவர் பிடிதுணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “பாலை இறக்கிட்டுக் கேப்போம்னு இருந்தேன். அளவு ரெண்டு பேருக்குக் காணுமான்னு பாக்கணும்.”

“அதெல்லாம் காணும்,” என்றாள் அமலோற்பவம்.

அவள் செருப்பில்லாமல் நடப்பதைப் பார்த்து, அவர் தன் நடையை மெதுவாக்கிக்கொண்டார்.

சாயங்காலம் வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கடைசிப் பெட்டி கடந்ததும் கேட்காரர் கேட்டை உயர்த்தி, “அடுப்படிக்குப் போறவங்க இடது பக்கமாப் போங்க,” என்றார்.

அவர்கள் இடது பக்கமாகப் போனார்கள்.