எட்டு மீட்டர் கூடுதல் சங்கிலி

அவர்கள் கடைசியாகப் போட்ட சண்டை எட்டு மீட்டர் சங்கிலியைப் பற்றியது.

அர்கிரிஸ் பாய்ப்படகின் முன்முனையில் நின்று நங்கூரத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எவந்தியா பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தாள். முப்பத்தொரு வருடமாக இதே ஏற்பாடுதான். அவர் கையைக் காட்டுவார், அவள் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் கத்துவார். ஆகஸ்டில் அந்தச் சிறு குடாவுக்குள் எந்தப் படகு நுழைந்தாலும், முன்னமே நங்கூரமிட்டவர்கள் காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். வருவது புருஷனும் பெண்டாட்டியும் என்றால் கோப்பையை இன்னொரு முறை நிரப்பிக்கொள்வார்கள்.

"போதும்யா! ஆழமே அஞ்சு மீட்டர்தான். இருபத்தஞ்சு விட்டாச்சு."

"முப்பத்துமூணு. சாயங்காலம் வடகாத்து வலுத்தா நீயா வந்து புடிச்சு நிறுத்தப் போற?"

"கேப்டன் சொல்லிட்டாரு. இத்தாலி வரைக்கும் விடு."

பக்கத்துப் படகில் யாரோ சிரித்தார்கள்.

எட்டு மீட்டரும் போயிற்று. அவள் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாள். சங்கிலி விறைத்தது, படகு நின்றது. அவர் சொல்லிக்கொடுத்தபடியே கரையில் இரண்டு அடையாளம் பார்த்தாள்: சின்னத் தேவாலயத்தின் நீலக் கதவு, அதற்கு நேர் பின்னால் சரிவில் ஒற்றைச் சைப்ரஸ் மரம். அவை விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். விலகவில்லை.

"புடிச்சிருச்சு. வா, சோறு அடைச்ச தக்காளி ஆறிக் கெடக்குது."

அவர் அதற்குள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் போய்த் தன் கண்ணால் பார்க்காத எந்த நங்கூரத்தையும் அவர் நம்பியதில்லை. இதயத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் வசந்தத்திலேயே எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும், கோடை முடியட்டும் என்று அலமாரியில் கிடந்தது.

"நங்கூரத்துக்கு மூணு சோதனை. நெஞ்சுக்கு ஒண்ணுகூடக் கெடையாது."

"நெஞ்சு எங்கடி போகப் போகுது? நழுவுறது இதுதான்."

குதித்தார். நெடுநேரம் கழித்து மேலே வந்து ஏணியைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"கழுத்து வரைக்கும் மணல்ல புதைஞ்சிருக்கு. நீ சொன்னதுதான் சரி."

முப்பத்தொரு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. நாலு பேர் காதில் விழுந்ததா என்று எவந்தியா பக்கத்துப் படகைப் பார்த்தாள். திரும்பியபோது ஏணியில் கை இல்லை.

அவள் அலறி முடிப்பதற்குள் கோப்பைக்காரர்கள் தண்ணீரில் இருந்தார்கள். அவரைத் தூக்கி மேலே கிடத்தி, கடலோரக் காவல் படகு வரும்வரை மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினார்கள். பயனில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், படகைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அவள் வந்தாள். பக்கத்துப் படகுக்காரர் தெமிஸ் தன் ரப்பர் படகில் ஏற்றிவந்து விட்டார்.

"அன்னிக்கு அடிச்ச காத்துல மூணு படகு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு அக்கா. எங்களுதும்தான். உங்களுது அசையல." கொஞ்சம் தயங்கினார். "நங்கூரத்தத் தூக்கிரட்டுமா?"

"இருங்க தம்பி."

அவள் சுக்கானருகே தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அதே வடகாற்று. முன்முனையில் கை காட்ட யாரும் இல்லை. பழக்கதோஷத்தில் கரையைப் பார்த்தாள்.

நீலக் கதவு. அதற்கு நேர் பின்னால் சைப்ரஸ் மரம்.