தட்டில் மிஞ்சிய உருண்டை

ஒசாக்காவில் ரயில் பாலத்தடியில், கோழிக்கறியைக் குச்சியில் கோத்துச் சுட்டு விற்கும் கிக்குயோவின் கடைக்குள் நுழைந்ததும் ஃபுசாயோவின் கண் முதலில் தேடியது, சாய்ந்து உட்கார ஓர் இடத்தை. அப்படி ஒன்று அங்கே கிடையாது. கரி அடுப்பை ஒட்டி நீளமாக ஒரு பலகை, அதன் முன்னால் முதுகில்லாத முக்காலிகள், அவ்வளவுதான் கடை. அறுபதைத் தாண்டி, நிம்மதியாகத் தூங்கியே வருடக்கணக்காகிவிட்ட உடம்புக்கு அந்த முக்காலி ஒரு தண்டனைதான். ஆனாலும் தம்பி இங்கேதான் வரச் சொல்லியிருந்தான்.

வெளியே இன்னும் வெயில் முழுதாக இறங்கவில்லை. அதற்குள் தெருஹிகோ பாதி பியரைக் காலி செய்திருந்தான். ஆபீஸிலிருந்து நேராக வந்தவன், டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்திருந்தான்.

"வாக்கா. என்ன, இளைச்சுட்ட மாதிரி இருக்கு?"

"நீ ஊதிட்ட. அதான் உன் கண்ணுக்கு அப்படித் தெரியுது."

அடுப்பை விசிறிக்கொண்டிருந்த கிக்குயோ வாய்விட்டுச் சிரித்தாள். எழுபது வயது, ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். "நல்லா சொன்னம்மா! உன் தம்பி வந்து உக்காந்தா முக்காலி அழுவுது. சாக்கே சூடாவா, சும்மாவா?"

"சூடாவே குடுங்க."

"தொடைக்கறி, ஈரல், தோலு, கறி உருண்டை. உப்பா, சோயாவா?"

"உங்க இஷ்டம்" என்றாள் ஃபுசாயோ. இதையும் தன்னிடமே கேட்கிறார்களே என்றிருந்தது. காலையிலிருந்து எத்தனையோ விஷயத்தை அவள்தான் முடிவு செய்தாகிவிட்டது.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவை இனி நீ வைத்துக்கொள். அதற்காகத்தான் அப்பாவை ஒரு ராத்திரிக்கு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். அப்பா அந்தக் காலத்தில் ஒசாக்காவில் டிராம் ஓட்டியவர். இப்போது நடு ராத்திரியில் தொப்பியை மாட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் வந்து நிற்பார். டிராம் எல்லாம் ஷெட்டுக்குப் போயாச்சு என்று சொல்லிப் படுக்க வைத்தால், கண்ணை மூடுவதற்குள் மறுபடி எழுந்துவிடுவார். பல்செட்டைச் சோற்றுப் பானைக்குள் ஒளித்து வைப்பார். அதற்கெல்லாம் சிரித்த காலமும் உண்டு. இப்போது சிரிப்பதற்குக்கூடத் தெம்பில்லை.

தகரக் குவளையில் சாக்கே, அந்த ஊர் அரிசிச் சாராயம், ஆவி பறக்க வந்தது. தெருஹிகோ இரண்டு கையாலும் எடுத்து அக்காவின் கிண்ணத்தில் ஊற்றினான். அவள் வாங்கித் திருப்பி அவனுக்கு ஊற்றினாள். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அந்த ஊரில் அநாதைகள் செய்கிற வேலை.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. சாப்பாடெல்லாம் நல்லா இறங்குது."

இதைத்தான் சொல்ல வந்தாளா? தன் வாயின் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. இவனுக்குத்தான் கண் இல்லையா? என் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? கூடப் பிறந்தவனிடம் வாய் திறந்து கேட்டால்தானா? இப்படி நினைத்துக்கொண்டே சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

அவனோ தன் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டான். இடுப்பு வலி, மகன் வயதில் ஒருத்தன் மேலதிகாரியாக வந்து உட்கார்ந்திருப்பது, அவனிடம் குனிந்து குனிந்தே இடுப்பு போனது. ஃபுசாயோ உச்சுக்கொட்டினாள். தொடைக்கறி வந்தது, தின்றார்கள். தோல் மொறுமொறுவென்று வந்தது, தின்றார்கள். ஈரல் வாயில் கரைந்தது. நன்றாகத்தான் இருந்தது. அப்பா பக்கத்தில் இல்லாமல் சூடாக ஒரு வாய் தின்று எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கறி உருண்டை மட்டும் கிக்குயோ கடையில் மூன்று குச்சியாகத்தான் வரும். ஆளுக்கு ஒன்று போக, ஒன்று தட்டில் மிஞ்சியது.

"நீ சாப்பிடுக்கா."

"வேண்டாம்டா, நீ சாப்பிடு."

"எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு."

"எனக்குந்தான்."

பொய். இரண்டு பேருக்குமே ஆசைதான். இப்படிக் கடைசியாக மிஞ்சுகிற துண்டுக்கு ஒசாக்காக்காரர்கள் 'தயக்கக் கட்டி' என்று பேரே வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் கூடித் தின்றாலும் அந்த ஒன்றை எவரும் தொடமாட்டார்கள். மரியாதை தெரிந்த ஜனம். உருண்டை அங்கேயே கிடந்து ஆறியது, மேலே பூசிய சோயா சாறு மங்கிப்போனது.

விசிறியை அடுப்பு விளிம்பில் ஓங்கித் தட்டினாள் கிக்குயோ. "ஏன் தம்பி, நான் என்ன சாமிக்குப் படைக்கவா சுட்டேன்? கரிகிட்ட நின்னு வெந்து சாவுறது நானு. ரெண்டு பேரும் பெரிய மனுஷத்தனம் பண்ணிக்கிட்டு அதை ஆறவிடுறீங்க. யாராவது ஒருத்தர் எடுத்து வாயில போடுங்க!"

தெருஹிகோ சிரித்தான். தட்டை அக்கா பக்கமாக மெல்ல நகர்த்தினான். "அக்காதான் எடுத்துக்கணும். மூத்தவ."

ஃபுசாயோ அந்தத் தட்டையே பார்த்தாள். அப்போதுதான் உள்ளே ஏதோ பொத்துக்கொண்டது.

"தெருஹிகோ, நான் அப்பாவ அடிச்சிட்டேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கிக்குயோ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெந்துவிட்ட குச்சிகளைத் திருப்பத் தொடங்கினாள்.

"போன வாரம். ஈரத் துணிய மாத்த விடாம முரண்டு பிடிச்சாரு. கன்னத்துல ஒண்ணு வச்சேன். ஓங்கித்தான் வச்சேன்." அவள் குரல் நடுங்கவில்லை. நடுங்கவும் தெம்பு வேண்டுமே. "அவரு என்ன பண்ணாருன்னு நினைக்கிற? என்னை யாரோ டிப்போ அதிகாரின்னு நினைச்சுக்கிட்டு, குனிஞ்சு கும்பிட்டு, 'தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சுக்கங்க'ன்னாரு. நான் பாத்ரூம் தரையிலயே உக்காந்துட்டேன். இனிமே முடியாதுடா. அடுத்த தடவ என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

மேலே ஒரு ரயில் போய் முடிந்த பிறகு, தெருஹிகோ கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"எங்க வீட்டுல குளியலறை பக்கத்து ரூம் இருக்குல்ல. அதுல மூணு வருஷத்துக்கு முன்னாடியே செவுத்துல கைப்பிடி அடிச்சு வச்சிருக்கேன். கட்டிலும் போட்டாச்சு. நாஹோகோதான் எல்லாம் பண்ணா." அவன் மனைவியைச் சொன்னான்.

"எதுக்கு?"

"எதுக்கா? அப்பாவுக்குத்தான். நான் போன் பண்ணிக் கேட்டேனேக்கா. அப்பாவ நாங்க வச்சுக்கட்டுமான்னு. நீதான் 'ஐயோ, வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்'ன்ன."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் மறுபடி கூப்பிடுவான் என்று காத்திருந்தாள். சமைக்கப் போனபோதும் போனை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். கூப்பிடவில்லை. தம்பிக்கு மனசில்லை, ஒப்புக்குக் கேட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். மூன்று வருடமாக அந்தக் கோபத்தைத்தான் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"மடையா! முதல் தடவ கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. ஒரு கப் டீக்கே அப்படித்தான் சொல்லுவோம். இன்னொரு தடவ கேக்க வேண்டியதுதானே? நீ எந்த ஊருல பொறந்தவன்?"

"மறுபடி கேட்டா, உன்னால முடியலன்னு நான் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடுமேன்னு…" அவன் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு அப்பாதான் எல்லாம்னு நினைச்சேன். அவரை உன்கிட்டேருந்து பிடுங்குற மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன். நாஹோகோ தினம் சண்டை போடுவா, இன்னொரு தடவ கேளுங்க, கேளுங்கன்னு."

ஃபுசாயோவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அதுவும் பாதியிலேயே களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று வருடம். தொப்பியோடு வாசலில் நின்ற அத்தனை ராத்திரிகள். அப்பாவின் கன்னம். எல்லாம் எதற்காக? இரண்டு பேருக்கும் மரியாதை தெரிந்திருந்ததற்காக.

தெருஹிகோ போனை எடுத்தான். நாஹோகோவிடம் சுருக்கமாகத்தான் சொன்னான், அடித்ததைச் சொல்லவில்லை. பிறகு போனைப் பலகை மேல் வைத்து, அக்காவுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான்.

"அக்கா!" நாஹோகோவின் குரல் பரபரவென்று வந்தது. "நாளைக்குக் காலைல நாங்க ரெண்டு பேரும் கார் எடுத்துட்டு வர்றோம். மாமாவோட துணிமணி மட்டும் எடுத்து வையுங்க, போதும். இங்க எல்லாம் தயாரா இருக்கு."

ஃபுசாயோ வாயைத் திறந்தாள்.

"ஐயோ, வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்…"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. கை தானாக வாயைப் பொத்தியது. போனில் சத்தமே இல்லை. நாஹோகோவும் மரியாதை தெரிந்தவள்தான். கடையில் கரி படபடவென்று வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், போச்சு, இன்னும் மூன்று வருடம் என்று நினைத்தாள் ஃபுசாயோ.

தெருஹிகோ போனை நோக்கிக் குனிந்தான். "நாஹோகோ. இன்னொரு தடவ கேளு."

"அக்கா," என்றது போன், இந்த முறை மெதுவாக. "நாங்க வரட்டுமா?"

ஃபுசாயோ வாயைப் பொத்திய கையை எடுக்காமல், பலகையில் நெற்றி இடிக்கிற அளவுக்குத் தலையை ஆட்டினாள். திரும்பத் திரும்ப ஆட்டினாள்.

"என்னங்க, அக்கா என்ன சொல்றாங்க?" என்று போனில் நாஹோகோ பதறினாள்.

"தலைய ஆட்டுறா," என்றான் தெருஹிகோ. "சரிங்கிறா. நாளைக்குச் சீக்கிரமே கிளம்பிடலாம்."