நோபுயே எழுதிய தேதி

வாரத்துக்கு ஒரு பாட்டில் தேன் தீர்கிற வீடு என்றால் அங்கே ஆறு பிள்ளைகளாவது இருக்க வேண்டும், இல்லை ஒரு கரடியாவது இருக்க வேண்டும். நோபுயேயின் வீட்டில் இரண்டும் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. ஒரே மகன் ரியோஹெய்க்கு ஒசாகாவில் வேலை. ஐம்பத்தெட்டு வயதில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற அவள், ஆகஸ்ட் கடைசியிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுத் தேன்கடைக்குப் போய் அரைக்கிலோ பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். டிசம்பர் பிறந்தபோது அவளுடைய சமையலறை அலமாரியில் பதினான்கு பாட்டில்கள் மூடி திறக்காமல் நின்றன.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குவாபரா தெய்ஜி தன் வீட்டின் முன்னறையில் மரத்தட்டுகள் அடித்து, அகேசியாத் தேனை ஒரு பக்கமும் நூறுபூத் தேனை ஒரு பக்கமும் அடுக்கியிருந்தார். மே மாதம் ஆற்றங்கரை அகேசியா மரங்களில் எடுத்தது முதல் வகை. அதன்பின் காட்டில் எது பூத்ததோ அதெல்லாம் கலந்தது இரண்டாவது. காசு வாங்குவதும் வாயாடுவதும் அவர் மனைவி மித்சுயோவின் இலாகா.

"வாடி கரடி. போன வாரம் வாங்கினதை என்ன பண்ணின, ஊத்திக் குளிச்சியா?"

"தொண்டை கட்டிக்கிச்சு மித்சுயோ. வெந்நீர்ல கலந்து குடிக்கிறேன்."

"நாலு மாசமாவா கட்டியிருக்கு? ஊர்வம்பு பேசுறப்ப மட்டும் கணீர்னு கேக்குதே."

இருபத்தாறு வருடமாக இவர்கள் பேச்சு இப்படித்தான். வியாழக்கிழமை வெந்நீர் ஊற்றுப் பொதுக் குளியலறைக்குச் சேர்ந்து போவார்கள், ஒருத்தி முதுகை இன்னொருத்தி தேய்த்துவிடுவாள். நோபுயேயின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் மித்சுயோ. மித்சுயோவுக்கும் வேறு கதி கிடையாது. கடலோரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த மலைநாட்டார் அவளுடைய வெட்டுப்பேச்சை இன்றுவரை செரித்துக்கொள்ளவில்லை. அவளைச் சிரிக்கவைக்க இந்தத் தெருவில் நோபுயேயை விட்டால் ஆள் இல்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் நோபுயே அந்தக் காரியத்தைச் செய்துவிட்டாள்.

அந்தத் தெருவில் ஒரு சுற்றுப்பலகை உண்டு. தெருச்சங்கத்தின் அறிவிப்பு எதுவானாலும் ஒரு அட்டைப்பலகையில் செருகி முதல் வீட்டில் கொடுப்பார்கள். படித்தவர்கள் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தி, பக்கத்தில் தேதி எழுதி, அன்றைக்கே அடுத்த வீட்டில் சேர்த்துவிட வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் சங்கத் தலைவி மாதக் கூட்டத்தில் பெயர் சொல்லி, "வேலை அதிகமோ?" என்று இனிமையாகக் கேட்பாள். அந்த இனிமைக்கு பயந்தே காய்ச்சலோடு எழுந்து பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. நோபுயேயின் வீட்டுக்கு அடுத்தது குவாபராவின் வீடு.

வயல்களில் நெற்கதிரை உறிஞ்சும் நாற்றப்பூச்சிக்கு ஹெலிகாப்டரில் மருந்தடிப்பது ஆகஸ்ட் ஒன்பது என்று ஜூலையிலேயே சொல்லியாகிவிட்டது. குவாபரா அதை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் முந்தின சாயங்காலம் தேனீக்கள் அடைந்த பிறகு பெட்டிகளைக் குட்டி லாரியில் ஏற்றி மலைமேல் கொண்டுபோய், இரண்டு இரவு அங்கேயே காவல் படுத்துவிட்டு வருவார். இந்த வருடம் புயல் வருகிறது என்று மருந்தடிப்பை ஏழாம் தேதிக்கு முன்தள்ளிவிட்டார்கள். ஊர் ஒலிபெருக்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வெறும் கரகரப்பாகத்தான் கேட்கும். ஆகவே செய்தி பலகையில் வந்தது.

ஐந்தாம் தேதி காலை பலகை நோபுயேயின் கைக்கு வந்தது. செருப்பு அலமாரிமேல் வைத்தாள். மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ரியோஹெய். மூன்று வருடம் முகம் காட்டாத பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான். கையிலிருந்த பலகாரப் பெட்டியை அலமாரிமேல் வைத்துவிட்டு, "பசிக்குதும்மா" என்றான். அதற்குப் பிறகு அவளுக்குப் பலகையாவது, தெருவாவது. இரண்டு நாள் அவனுக்குப் பொரித்துப் போட்டாள், அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழாம் தேதி விடிந்ததும் அவனை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வயல்பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. இன்றைக்கு ஏன் அடிக்கிறார்கள் என்று யோசித்தபடி வீட்டுக்குள் வந்து பலகாரப் பெட்டியை எடுத்தாள். அடியில் பலகை இருந்தது. படித்தாள். அந்த நிமிடம் அவளுக்குத் தேனீக்களின் ஞாபகம் வந்ததா என்றால், வரவில்லை. தலைவியின் இனிமையான குரல்தான் காதில் கேட்டது. முத்திரையைக் குத்தினாள். பக்கத்தில் 'ஐந்து' என்று எழுதினாள். குவாபராவின் கதவுப்பிடியில் பலகையை மாட்டிவிட்டு, தட்டாமல் வந்துவிட்டாள்.

அரைமணி கழித்து குவாபரா கையில் எதுவுமில்லாமல், செருப்புகூடப் போடாமல் வயல்பக்கம் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தேனீக்களின் ஞாபகம் வந்தது.

இருபத்தாறு பெட்டிகளில் பத்தொன்பது போய்விட்டன. பெட்டி வாசல்களில் தேனீக்கள் குவிந்து கிடந்தன. சில இன்னும் மல்லாந்து கிடந்து சுற்றிக்கொண்டிருந்தன. குவாபரா அவற்றை மாவு அள்ளும் கரண்டியால் வாரி வாளியில் போட்டார். நோபுயேயும் போய் வாரினாள். பக்கத்து வீட்டுக்காரி உதவிக்கு வந்திருக்கிறாள் என்று மித்சுயோ அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

சங்கக் கூட்டத்தில் பலகையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நோபுயேயின் முத்திரை, பக்கத்தில் ஐந்து. ஆக, இரண்டு நாள் முன்பே குவாபராவுக்குச் சேதி போயிருக்கிறது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து குனிந்து, "என் தப்புதான். பாத்தேன், மறந்துட்டேன். எல்லாருக்கும் சிரமம் கொடுத்துட்டேன்" என்றார். மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த நோபுயேயும் மற்றவர்களோடு சேர்ந்து தலை குனிந்தாள். அவள் எழுந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவளை நல்லவள் என்று நிறுவ நான் இந்தக் கதையைச் சொல்லவரவில்லை.

நாற்பது வருடம் தேனீ வளர்த்தவர் பெட்டியை நகர்த்த மறந்தார் என்பது ஊருக்கு மெல்ல அவல் கிடைத்தது போலாகிவிட்டது. இலையுதிர் காலத்தில் மீதி ஏழு பெட்டிகளில் நான்கைக் குளவிகள் தின்றன. மூன்றை அவர் அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டார். இருக்கிற பாட்டில்கள் விற்றதும் கடையை மூடுவது என்று முடிவாயிற்று.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நோபுயே போனபோது தட்டுகளில் ஏழெட்டுப் பாட்டில்கள்தான் இருந்தன. மீன்கடைக்காரர் இரண்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"குவாபரா சான், மிச்சக் காசை மறந்துடாதீங்க" என்றார் அவர், தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து. "உங்களை நம்பி எதையும் விட முடியாது பாருங்க."

குவாபரா சிரித்தார். "காசைக் குடுத்தாச்சா, குடுக்கலையான்னே எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

"சிரிக்கிறதைப் பாரு" என்றாள் மித்சுயோ. "பொண்டாட்டியை மறந்திருந்தாலும் பரவாயில்லை. அதுங்களை மறந்திருக்கான் இந்த மனுஷன். நோபுயே, இவனை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன்." விளையாட்டாக ஆரம்பித்த குரல் கடைசியில் உடைந்தது. தேநீர் போடுகிறேன் என்று திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீன்கடைக்காரரும் போய்விட்டார். குவாபரா ஒரு நூறுபூத் தேனை எடுத்துத் துடைத்து நோபுயேயின் முன் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"குவாபரா சான், பலகை உங்களுக்கு ஏழாம் தேதிதான் வந்துச்சு. நான்தான் வச்சிருந்தேன். ஐந்துன்னு பொய்யா எழுதினது நான்" என்றாள்.

அவர் துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார்.

"எப்போ வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா, நோபுயே சான்? கதவுலேர்ந்து எடுத்தவனே நான்தானே."

"தெரிஞ்சுமா? பின்னே ஏன் அன்னைக்குச் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? இவங்க பொய் எழுதியிருக்காங்கன்னு அத்தனை பேர் நடுவுலயா? அதுக்கப்புறம் நீங்க இந்தத் தெருவுல இருப்பீங்களா? நீங்க போய்ட்டா இவளுக்கு யாரு இருக்கா? தேனீதான் செத்துப்போச்சு. இவளோட ஒரே சிநேகிதத்தையும் நான் சாகடிக்கணுமா?"

நோபுயே தரையில் மண்டியிட்டுத் தலை தாழ்த்தப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம். நீங்க வாரா வாரம் வந்தீங்க. தின்ன முடியாத அளவுக்கு வாங்கினீங்க. அதையே மன்னிப்பு கேட்டதா எடுத்துக்கிட்டு ஒரு மாதிரி நானும் ஓட்டிக்கிட்டிருந்தேன். புயல் வந்துச்சு, தேதி மாறிச்சு, யாரு என்ன பண்ண முடியும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். பாதி நம்பவும் ஆரம்பிச்சுட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "இன்னைக்கு ஏன் சொன்னீங்க? உங்க பாரம் இறங்கிடுச்சு. நான் இதை எங்கே போய் இறக்குவேன்?"

தனக்காகத்தான் சொன்னோம் என்பது அவர் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

திரை அசைந்தது. மித்சுயோ தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று கிண்ணங்களிலும் ஆவி அடங்கிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அதிலிருந்தே தெரிந்தது. அவள் நோபுயேயைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். நான்கு மாதம் காலையும் மாலையும் திட்டித் தீர்த்த மனிதனை, புதிதாக யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு தட்டை வைத்துவிட்டு மேசைக்கு வந்து, பாட்டிலைக் காகிதத்தில் சுற்றினாள். மூலைகளை மடித்து ஒட்டினாள். இத்தனை வருடத்தில் நோபுயேக்கு அவள் காகிதம் சுற்றித் தந்ததில்லை. "இந்தா, பிடி" என்று கையில் திணிப்பதுதான் வழக்கம். காசை வாங்கி, மிச்சத்தைச் சிறிய தட்டில் வைத்து முன்னால் நகர்த்தினாள்.

"மித்சுயோ" என்றாள் நோபுயே.

மித்சுயோ பொட்டலத்தை இரண்டு கைகளாலும் நீட்டினாள். "ரொம்ப நன்றிங்க. வழியெல்லாம் பனி உறைஞ்சிருக்கு, பாத்துப் போங்க."

நோபுயே வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மித்சுயோவும் பின்னால் வந்து, வெளியூர் வாடிக்கையாளர்களை வழியனுப்புவதுபோல வாசலில் கைகளை முன்னால் சேர்த்துக் குனிந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்கு இருபது அடி தூரம்கூட இல்லை. நோபுயே தன் கதவைத் திறந்து, உள்ளே போய், மூடும்வரை அவள் நிமிரவே இல்லை.