பெகிமாய்க்கு அனுமதி இல்லை

பெகிமாய் மறுபடியும் தட்டிப் பார்த்தாள். களஞ்சியமும் மறுபடியும் அதையே சொன்னது: அனுமதி இல்லை.

பிஷ்கெக்கில் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்வாள். மாலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றில், திரையில் இருப்பதைக் கிர்கிஸ் மொழியில் வாசித்துச் சொல்லும் குரல் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்கானது. அதை உருவாக்கியவளும் பராமரிப்பவளும் அவள்தான். இப்படித் தத்தம் மொழிக்கு ஏதாவது செய்து இணையத்தில் ஒரே களஞ்சியத்தில் போட்டுவைக்கும் தன்னார்வலர்கள் சமர்கண்டிலிருந்து அல்மாட்டி வரை இருக்கிறார்கள். வேலை என்று வந்தால் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். வாய் என்று வந்தால் ஒருவர் விடாமல் ஆஜர்.

இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரப்போகிறது. அதில் இந்தக் குரல் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. பெகிமாய் காரணத்தைக் கண்டுபிடித்து ஒரே வரியில் சரியும் செய்துவிட்டாள். அந்த வரியைக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால், பழுதான சரக்கு என்று புதிய பதிப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்புறம் அடுத்த பதிப்பு வரை ஊமைதான்.

தொக்தோசுன் போன் செய்தார். மசாஜ் நிலையத்தில் வேலை பார்க்கிறவர், பிறவியிலேயே பார்வையில்லை. குரலைச் சோதித்துச் சொல்வதற்காகப் புதிய பதிப்பை எல்லாருக்கும் முந்திக்கொண்டு தன் கணினியில் ஏற்றிக்கொண்டவர்.

"தங்கச்சி, என் பெட்டி பேசி நாலு நாளாச்சு. மாஸ்கோவுலேருந்து மக எழுதியிருக்கா. வேற வழியில்லாம பக்கத்து வீட்டுக்காரியப் படிக்கச் சொன்னேன். நல்லாத்தான் படிச்சா. இப்ப என் மகளுக்கும் மருமகனுக்கும் சண்டைன்னு எங்க மாடிப்படி முழுக்கத் தெரியும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்ணே," என்றாள் பெகிமாய்.

தன்னார்வலர்களின் அரட்டைக் குழுவில் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. களஞ்சியத்துக்குள் நுழையும் கணினிச் சாவியை அழித்துவிட்டுப் புதுச் சாவி போடு என்றார் ஒருவர். போட்டாள். பழைய சாவி இருந்தால்தான் புதுச் சாவியைச் சேர்க்க முடியும் என்று அதே ஆள் பிறகு சொன்னார். கணினியில் மணி சரியாக ஓடுகிறதா என்றார் தாஷ்கண்ட்காரர். எந்த எடிட்டரில் நிரல் எழுதுகிறாய் என்று யாரோ கேட்டுவைக்க, வந்தது வினை. எந்த எடிட்டர் உசத்தி என்ற பழைய சண்டையில் மாலை வரை கை ஓயவில்லை. சர்வர் முழுவதையும் வேறொரு கணினி மொழியில் திருப்பி எழுதினால் இந்தத் தொல்லையே வராது என்று அல்மாட்டியிலிருந்து ஒருவர் கட்டுரையே வரைந்தார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல்.

கடைசியில் நிர்வாகி மார்லென் வந்தான். "அனுமதிப் பிரச்சினைகளை இங்கே பேச வேண்டாம். களஞ்சியத்துக்குள் சென்று முறைப்படி புகார் பதியவும்."

"உள்ளே போக முடியவில்லை என்பதுதான் புகார்," என்று எழுதினாள்.

"அதையும் புகாரில் குறிப்பிடவும்."

வெளியாள் போலவாவது அனுப்பிப் பார்ப்போம் என்று அந்த வரியை அனுப்பினாள். களஞ்சியத்தைக் காக்கும் ரோபோ என்ற தானியங்கி நிரலிடமிருந்து உடனே பதில் வந்தது: "வருக, புதியவரே! உங்கள் முதல் பங்களிப்புக்கு நன்றி. இக்குரலின் பராமரிப்பாளர் பெகிமாய் ஒப்புதல் அளித்தவுடன் ஏற்கப்படும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு மார்லென் வீட்டுக்குக் கிளம்பினாள். விஷயத்தைக் கேட்ட தொக்தோசுனும் விடவில்லை, கூடவே வந்தார்.

மார்லென் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான். நாற்காலியிலேயே வாழ்கிறவர்களுக்கு வரும் முதுகுவலி. ரொட்டியைப் பிட்டு வைத்தான், டீ ஊற்றினான். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில், தக்காளி ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே அந்தக் களஞ்சியத்தின் சர்வர் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆறு மாசமா நீங்க ஒரு திருத்தமும் போடலக்கா," என்றான் மார்லென். "வேலை செய்யாதவங்கள நீக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அதான் தூக்கிடுச்சு."

"என் குரல் பழுதாகவே இல்ல தம்பி. எதப் போய்த் திருத்தச் சொல்ற?"

மார்லென் தலையைச் சொறிந்தான். "பழுதாகாத சரக்கும் இருக்கும்னு நாங்க யோசிக்கலக்கா."

உண்மைதான். அங்கே வருஷத்துக்கு நாலு முறை உடைத்து நாலு முறை ஒட்டுகிறவர்தான் பெரிய உழைப்பாளி.

"சரி, திரும்பச் சேத்துவிடு."

"அதுக்கு ஒரு நிர்வாகி ஒப்புதல் வேணும்."

"நீ யாரு?"

மார்லென் டீயைப் பார்த்தான். "அந்த புரோகிராம வேற இடத்துல வச்சு எழுதினேன்க்கா. அத எழுதுற மும்முரத்துல ஆறு மாசமா களஞ்சியத்துப் பக்கமே போகல. முடிச்சு ஓட விட்டேனா..."

"முதல்ல உன்னையே தூக்கிடுச்சா?" என்றார் தொக்தோசுன்.

"முதல்ல இல்லண்ணே. அகரவரிசைப்படிதான் தூக்குச்சு."

"இப்ப யார்தான்யா நிர்வாகி?"

"ரோபோதான். அது தினமும் களஞ்சியத்துல ஒரு தேதிய மாத்திக்கிட்டே இருக்கு, அதுவும் திருத்தக் கணக்குதான். அத மிஞ்ச ஆளே இல்ல."

பெகிமாய் பால்கனியைக் கை காட்டினாள். "மெஷின் உன் வீட்ல, ஊறுகாய்க்குப் பக்கத்துல இருக்கு. கீபோர்ட சொருகி நம்ம ரெண்டு பேரையும் நீயே சேத்துவிட வேண்டியதுதானே?"

"அது புறவாசல் வழிக்கா!" மார்லென் பதறிவிட்டான். "விதிய எழுதினவனே மீறினா, நாளைக்கு எவன் மதிப்பான்?" பதறியதில் முதுகு பிடித்துக்கொண்டது. "அம்மாடி!"

"குப்புறப் படு தம்பி," என்று கைகளைத் தேய்த்துச் சூடேற்றினார் தொக்தோசுன். "இதுவும் விதிப்படி இல்ல. முறைப்படி நேரம் குறிச்சிட்டுத்தான் வரணும். நேரம் குறிக்கிற பெட்டி ஊமையாக் கெடக்கு, என்ன பண்றது."

மார்லென் கம்பளத்தில் படுத்தான். தோளில் தொடங்கி இடப்பக்கம் முழுவதும் இறங்கின அந்த விரல்கள். மார்லென் முனகினான், பிறகு கண் செருகி, "ஆஹா, அப்படித்தாண்ணே," என்றான். அதோடு கைகள் நின்றன.

"என்னண்ணே?"

"இடது பக்கம் ஆச்சு."

"வலது பக்கம்?"

"அதுக்கு ஒப்புதல் வரணும்ல?" தொக்தோசுன் டீக் கிண்ணத்தை நிதானமாகத் தடவி எடுத்துக்கொண்டார். "நீ எழுந்து நின்னு பாரு, ஒரு பக்கம் மட்டும் சரியானா எப்படி இருக்கும்னு."

மார்லென் நின்று பார்த்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்தான். சாய்ந்தபடியே பால்கனிக்குப் போனான். ஜாடிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு விசைகளைத் தட்டும் சத்தம். பெகிமாய் தன் மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரு வரியை ஏற்றினாள். ஏறியது. ஒற்றை வரிக்காகக் கண் கலங்குவாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை. மார்லெனின் வலது பக்கமும் அன்றே சரியாயிற்று.

ஆனால் விதியை மட்டும் அவன் எடுக்கவில்லை. விதி எல்லாருக்கும் பொது என்றான். ஆகவே பெகிமாய் இப்போதெல்லாம் ஒரு மாதம் ஒரு வெற்று வரியைச் சேர்க்கிறாள், மறுமாதம் அதை எடுத்துவிடுகிறாள். ஆண்டு முடிவில் சிறந்த உழைப்பாளிகள் வரிசையில் அவளுக்கு இரண்டாம் இடம். முதலிடம் ரோபோவுக்கு.

பாராட்டுச் செய்தி வந்த அன்று தொக்தோசுன் போன் செய்தார்.

"தங்கச்சி, மாசாமாசம் புதுசு புதுசா வருதே, குரல்ல ஒரு வித்தியாசமும் தெரியலையே?"

"ஒண்ணும் மாத்தலண்ணே. நான் உயிரோட இருக்கேன்னு அந்த ரோபோ நம்பணும், அதுக்குத்தான்."

"அப்ப விடாம பண்ணு. மக நேத்து எழுதியிருந்தா."

"என்னண்ணே எழுதியிருந்தா?"

"அது எனக்கும் அவளுக்கும்," என்றார் தொக்தோசுன். "உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்."