பானட்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டி

அந்த வாரம் அவள் தேர்ந்தெடுத்திருந்தது எட்டு சிலிண்டர் என்ஜின். அதற்கு முந்தின வாரம் டர்போ வைத்த நாலு சிலிண்டர். அதற்கும் முன்னால், ஒரே ஒரு மாலைப்பொழுது மட்டும், பேட்டரியில் ஓடும் மோட்டார். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டு, "மிக்ஸி மாதிரி கத்துற காரை நான் ஓட்ட மாட்டேன், அத விட்டுடு" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் மெக்கானிக். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். தங்கை என்ஜினை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவன் அட்டைப்பெட்டி ஒன்று செய்தான். புது என்ஜினின் நீளம், அகலம், உயரம் பார்த்து, ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை வெட்டி ஒட்டி, அதைக் காரின் பானட்டுக்குள் இறக்கிப் பார்ப்பான். எங்கே இடிக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒர்க்‌ஷாப்பின் மூலையில் அப்படி நிராகரிக்கப்பட்ட பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாப்பிட வரும் பூனை அதில் ஒன்றைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது போல நிரந்தரமாகப் படுத்திருந்தது.

கார் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய தாழ்வான பழைய ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் முன்னால் இருக்கும், பின்சக்கரம் தள்ளும். வளைவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் வால் பக்கம் வெளியே போகப் பார்க்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அதைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்தக் காரில் பிடித்ததே அதுதான். போன வருடம் ஓர் ஏற்றத்தில் என்ஜினுக்குள் பிஸ்டன் ராடு ஒடிந்து, என்ஜினின் இரும்புக் கூட்டையே பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதைச் சரிசெய்வதில் அர்த்தமில்லை, வேறு என்ஜின் வைத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னான். என்ன என்ஜின் என்று முடிவெடுப்பதற்குள் அவளுடைய முட்டி போய்விட்டது.

அவள் ஆம்புலன்ஸ் டிரைவர். ஒரு குடியிருப்பின் மாடிப்படியில் பருமனான ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு இறக்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்ட்ரெச்சரை விடாமல் பிடித்துக்கொண்டே இடது காலை மடக்கி விழுந்ததில் முட்டிக்குள் சவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பியபோது அவளைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்செட். அழைப்பை எடுப்பது, முகவரி வாங்குவது, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அதை அனுப்புவது. சக்கரம் வைத்த நாற்காலி. ஹெட்செட்டின் வயர் இழுக்கும்வரை பின்னால் உருண்டு போவாள், மறுபடி முன்னால் வருவாள். பக்கத்து மேசைக்காரி ஒருநாள், "அக்கா, நீங்க உக்காந்தே பாதி ஊரைச் சுத்திடுவீங்க போல" என்றாள்.

வேலை நேரம் முடிந்ததும் போனில் என்ஜின்கள் பார்ப்பாள். எடை, குதிரைத்திறன், எங்கே கிடைக்கும். கையில் போன் இல்லாதபோது மனதுக்குள் ஓடும். ஒன்றை முடிவு செய்துவிட்டால் அரை நாள் நிம்மதி. பிறகு மறுபடி உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பிக்கும்.

அவள் கணவன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்கப் பிறர் கண்முன் லென்ஸை மாற்றி மாற்றி வைக்கிறவன். இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சரி, இது தெளிவா இருக்கா? இப்ப இது? முன்னாடி வச்சது நல்லாருந்துச்சா, இது நல்லாருக்கா?" என்பான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்ப உனக்குப் பவர் ஏறல. கண்ணு அசதி. போய்த் தூங்கு."

எட்டு சிலிண்டர் பெட்டியை இறக்கிப் பார்த்த அன்று அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டான்.

"உக்காருது. ஆனா மூக்குப் பக்கம் கனமாயிடும். வளைவுல முன்ன மாதிரி திரும்பாது."

"அத நான் பாத்துக்கறேன்."

"கிளட்சு கல்லு மாதிரி இருக்கும். அவ்ளோ பெரிய என்ஜினுக்கு அப்படித்தான் வைக்கணும்."

"கால் நல்லாயிடுச்சுண்ணா."

அவன் அவளுடைய காலைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தான். "நம்ம பல் டாக்டர் இதே காருக்கு எட்டு சிலிண்டர்தான் வச்சிருக்காரு. ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டு வா. அதுக்கப்புறம் பேசலாம்."

பல் டாக்டர் அண்ணனின் வாடிக்கையாளர். தன் காரைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே போகும் சாலையில் முதல் கொஞ்ச நேரம் அவளுக்கு மூச்சே வரவில்லை. மிதித்தால் முதுகைப் பிடித்துத் தள்ளியது. காலையில் பெய்த மழையில் சாலை ஈரமாக இருந்தது; ஒரு வளைவில் வால் வெளியே போனது, அவள் யோசிக்காமலே கை திருப்பியது, கார் நேராகியது. டாக்டர் கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு, "நல்லா ஓட்டுறீங்க" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாக அவளுக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இதுதான், இனி மாற்றமில்லை என்று நினைத்தாள்.

திரும்பி வரும்போது ஊருக்குள் ஓர் ஏற்றம். மேலே சிக்னல். வண்டிகள் ஊர்ந்தன. கிளட்சை அமுக்கி, பாதி விட்டு, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அமுக்கி. நாலைந்து தடவைக்குள் தொடை நடுங்க ஆரம்பித்தது. இடது கையை முட்டிமேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். முன்னால் நின்ற வேனுக்கும் காருக்கும் நடுவில், காய்கறிப் பையோடு ஒரு பெண் சாலையைக் கடக்க இறங்கினாள். அந்த நேரம் பார்த்து முட்டி தன் பாட்டுக்கு மடங்கியது. கால் பெடலிலிருந்து வழுக்கியது. கார் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. வலது கால் பிரேக்கைக் குத்தியது. என்ஜின் உதறி நின்றது.

அந்தப் பெண்ணின் கால்களுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவள் ஒரு கையைப் பானட்டின்மேல் ஊன்றியிருந்தாள். திட்டவில்லை. கண்ணாடி வழியாக இவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, பையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

"பரவால்ல. புதுசுல எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார் டாக்டர். அவர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியவில்லை.

"நீங்களே ஓட்டுங்க சார்" என்று அவள் கீழே இறங்கினாள்.

இத்தனை வருடம் அடிபட்டுக் கிடந்தவர்களை அள்ளிக்கொண்டு போனவள் அவள். பம்பருக்கு முன்னால் நின்றவர்களின் முட்டி எப்படி ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். அலமாரியை நகர்த்திப் பின்னால் கூட்டினாள். துவைத்து மடித்த துணிகளை எடுத்து உதறி வேறு மாதிரி மடித்தாள். செய்தித்தாளை இறக்கிவிட்டுக் கணவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு எப்படி இருந்துச்சு?"

"சரியில்ல."

"முன்னாடி வச்சது…"

"லென்ஸ் கதையெல்லாம் இப்ப வேணாம்."

அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டு. கேட்டு முடித்ததும், "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றான்.

"ஆகல."

"அப்ப ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. காரை வித்துடலாம். ஒரு வருஷமா அது நமக்கு ஒரு சந்தோஷமும் குடுக்கல."

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. "நமக்கா? உங்களுக்கு என்ன பண்ணுச்சு அது? நாற்காலில உக்காந்து ஊருக்கெல்லாம் வழி சொல்றேன். எவன் எவனோ ஓட்டுறான். இதையும் வித்துட்டு நான் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது?"

"நான் சொன்னது…"

"எனக்குத் தெரியும் நீங்க சொன்னது."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒர்க்‌ஷாப்வரை நொண்டி நொண்டி நடந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அண்ணன் உள்ளே ஒரு கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் குனிந்து உள்ளே வந்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

"போன மாசம் நம்ம கடை வேனை நீ ஓட்டும்போதே பாத்தேன். கையால முட்டிய அமுக்குற."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீ? சின்ன வயசுல சைக்கிள்ல பிரேக் இல்லன்னு சொன்னதுக்கு என்னையே பின்னாடி உக்கார வச்சு இறக்கத்துல விட்டவதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பானட்டுக்குள் எட்டு சிலிண்டர் பெட்டி இன்னும் உட்கார்ந்திருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள்.

"கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா சேந்தே வர்ற மாதிரி என்ன என்ஜின் இருக்கு?"

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கீழே வைத்தான். அந்தக் கேள்வியை அவனே கேட்டிருந்தால் அவள் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாள். ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் இல்லாத கியர்பாக்ஸ் வைப்பவர்களை அவளே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்.

"ஆறு சிலிண்டர் ஒண்ணு இருக்கு. பின்னாடி இடிபட்ட பெரிய கார்லேர்ந்து கழட்டினது. என்ஜினும் பாக்ஸும் அப்படியே இருக்கு. ஆனா ஆறும் ஒரே வரிசைல நிக்கும். நீளம் அதிகம்."

"பெட்டி பண்ணு."

அன்றே பண்ணினான். பெட்டி உள்ளே இறங்கவில்லை. முன்னால் ரேடியேட்டரை இடித்தது, பின்னால், ஆள் உட்காரும் இடத்துக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டை இடித்தது. அவள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள அவன் அளந்தான்.

"ரேடியேட்டரை முன்னாடி தள்ளிடலாம். ஆனா என்ஜின் எவ்ளோ பின்னாடி போகுதோ அவ்ளோ நல்லா வளையும். தகட்ட வெட்டி உள்பக்கம் தள்ளி வெல்டு வைக்கணும். வெட்டிட்டா அப்புறம் நாலும் இல்ல, எட்டும் இல்ல. இதுதான். நாளைக்குக் காலைல யோசிச்சு…"

"நாளைக்குன்னா மாத்திடுவேண்ணா. இப்ப வெட்டு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிங் மெஷினை எடுத்தான். தீப்பொறி பறந்தபோது அவள் விலகவில்லை. சத்தம் நின்று, வெட்டிய தகடு தரையில் விழுந்தது. தனக்கு வந்தது பயமா ஆறுதலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அவள் மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றினாள். சைலன்ஸர் குழாய் இடப்பக்கம் என்றாள், பிறகு நடுவில் என்றாள். என்ஜின் மூடிக்குக் கறுப்பு, பிறகு சாம்பல். அண்ணன் எல்லாவற்றுக்கும் "சரி" என்றான். பெரும்பாலானவற்றைச் செய்யவில்லை.

செயின் புல்லியில் என்ஜினைத் தொங்கவிட்டு இறக்கிய அன்று கணவன் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தான். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான்.

"மாப்ள, லைட்ட மட்டும் பிடிங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றான் அண்ணன்.

லைட்டைப் பிடித்தபடி அவன் அவள் பக்கம் சாய்ந்து, "வித்துடலாம்னு சொன்னது தப்பு" என்றான்.

"தப்புதான்" என்றாள் அவள். "லைட்ட ஆட்டாதீங்க." கொஞ்சம் கழித்து, எண்ணெய்க் கையென்று பார்க்காமல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி தயாரானதும் அண்ணனும் தங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒர்க்‌ஷாப் தெருமுனையில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது, அவளுடைய இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போனது. அங்கே இருந்தது அகலமான பிரேக் பெடல். முழு பலத்தோடு மிதித்தாள். கார் ஆணி அடித்தது போல் நின்றது. அண்ணனின் நெற்றி முன்கண்ணாடியில் போய் மோதியது.

"பெல்ட் போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"கிளட்ச் இல்லாத காரு, ஆபத்தில்லன்னு நெனச்சேன்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பெல்ட்டை இழுத்தான். அதற்குப் பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டார்.

இடது காலைச் சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினாள். என்ஜின் சத்தம் எட்டு போல உறுமவில்லை. இழுத்துப் பாடுவது போல ஒரே சீராக ஏறியது. வளைவில் மிதித்தாள். வால் கொஞ்சம் போனது, கூப்பிட்டால் வந்தது. மூக்கு லேசாக இருந்தது. ஏற்றத்தில் வண்டிகளின் பின்னால் ஊர்ந்தபோது முட்டி வலித்தது, ஆனால் முட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

வேகம் ஒரு அளவைத் தாண்டியபோது சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். அண்ணன் கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். "ஓரங்கட்டு. என்ஜின்லேர்ந்து பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு ஆடுது. பேலன்ஸ் சரியில்ல."

"ரொம்பவா?"

"இல்ல. மெதுவா வீட்டுக்குப் போலாம். கழட்டிச் சரி பண்ணணும்."

சாலை ஓரத்தில் நிறுத்தினாள். அவன் கோணியை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவளால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. அடுத்த வளைவுவரை நடந்து போய், அதற்கு அப்பால் சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். இறங்கி, ஒரு பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏறிப் போனது. திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அந்தப் பாலம்வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடலாமாண்ணா? மெதுவாத்தான்."

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

அவள் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.