ஒரு சாண் முன்னால்

சோப்புக் கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜருக்குக் கீழ்ப்படிதல் என்றால் உயிர். ‘டோ தி லைன்’ என்று இங்கிலீஷில் ஒரு பேச்சு உண்டாம், சொன்ன வரம்பில் நில் என்று அர்த்தமாம். அந்தக் காலத்துக் கப்பலில் மாலுமிகள் பலகை இடுக்கில் கால்விரலை வைத்து வரிசையாக நிற்பார்களாம், அதிலிருந்து வந்ததாம். தெரிந்துகொண்டு சும்மா இருந்தாரா மனுஷன்? பேக்கிங் ஹாலில் மஞ்சள் கோடு போடச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் எல்லாரும் அதில் விரல் வைத்து நிற்கவேண்டும். எதிரே சுவரோரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் பிரசங்கம் செய்வார்.

கோடு போட்டவர் கம்பெனி பெயின்டர். அவர் மனைவி அதே ஹாலில் சோப்புக்கு உறை போடுகிறவள். முழங்கால் வலிக்காரி. பிரசங்கம் முடிவதற்குள் பாவம், கண்ணில் நீர் முட்டிவிடும். பெயின்டர் மேனேஜரிடம் போய் அவளுக்கு ஒரு ஸ்டூல் கேட்டார். நிற்க முடியாதவர்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்று பதில் வந்தது.

சோப்புத் தரை ஆயிற்றே, கழுவிக் கழுவிக் கோடு ஒரு வாரத்தில் அழிந்துபோகும். பெயின்டர் புதிதாகப் போடுவார், ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் முன்னால். ஹாலில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மேனேஜர் விரல்களை மட்டும் பார்த்துப் பூரித்துப்போனார்.

மழைக்காலம் பிறந்தபோது நாற்காலி போட இடமில்லை. மேனேஜர் சுவரில் முதுகை ஒட்டி நின்றபடி பேசினார்.

“ஏன்யா இப்படி மூஞ்சி மேல வந்து நிக்கறாங்க?” என்று பெயின்டரை இழுத்துக் கேட்டார்.

“கோட்டுலதான் சார் நிக்கறாங்க. கோட்டை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லட்டுமா?”

மேனேஜர் குனிந்து கோட்டைப் பார்த்தார். கோடு நகர்ந்துவிட்டது என்றால், இத்தனை நாள் அதைக் கவனிக்காத தன் மானம் என்னாவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கனத்த உடம்பு அவருக்கு. நாளுக்கு நாள் பிரசங்கம் தேய்ந்தது. ஒருநாள் நடுப்பேச்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நாளையிலிருந்து எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தே கேட்கலாம் என்றார்.

பெயின்டர் மனைவி நாளை வரை காத்திருக்கவில்லை. அங்கேயே ஒரு சோப்புப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹாலே மேனேஜரைப் பார்த்தது.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, எனக்கும் இடம் வேணும்,” என்றார் மேனேஜர்.